குவைத் பக்கம் கோளாறு

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் என்னைப் பற்றி யாராவது முன்பே சொல்லியிருப்பார்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் ஹெல்மெட்டோடு ஓடிப்போய், தாலி கட்டாதீர்கள் என்று கத்திய ஆள் நான்தான். அந்தக் கதை என்னைவிட வேகமாக ஊர் சுற்றிவிட்டது. நாகர்கோவிலில் ஒரு டீக்கடையில் என்னை யாரென்று தெரியாமல் ஒருவர் அதை எனக்கே சொன்னார். அவர் சொன்னபடி நான் மணப்பெண்ணின் பழைய காதலன். எனக்குப் பேத்தி இருக்கிறாள். டீக்குக் காசு கொடுத்துவிட்டு, அந்தக் காதலனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். நான்கு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டுபோய் வெளியே போட்டார்களாம்.

சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கும் இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் டீக்கடையில் கேட்ட கதையில் ஒரு பகுதி விட்டுப்போயிருந்தது. ஓடுவதற்குச் சற்று முன்னால் நான் சொன்ன பொய் அதில் இல்லை. அந்தப் பொய்யைச் சொன்னபோது நான் பதற்றத்தில் இல்லை, நிதானமாகத்தான் சொன்னேன். அதனால்தான் அது இன்றும் உறுத்துகிறது. இனி இந்த வேலையைச் செய்யப்போகிறவர்கள் நீங்கள் என்பதால் முழுவதையும் சொல்கிறேன்.

எட்ஜ் என்று நாம் சொல்வதை வெளியாட்களுக்கு நான் விளக்குவது இப்படி. போனிலிருந்து ஒரு கேள்வி புறப்பட்டால் அது பக்கத்து டவருக்குப் போகும். அங்கிருந்து சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் பெரிய கணினிக்குப் போகும். பதில் அதே வழியில் திரும்பி வரும். சினிமாப் பாட்டுக் கேட்பவருக்கு இந்தப் பயணம் தெரியாது. ஆனால் சில வேலைகளுக்கு அந்த நேரமே அதிகம். அதனால் டவரின் காலடியிலேயே ஒரு கணினியைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். கேள்வி பிறந்த இடத்திலேயே பதில். பெட்டி யாரையும் கேட்டுக்கொண்டு இருக்காது.

எங்களுக்கு வந்த வேலை காற்றாலை இறக்கை. ஊர்க்காரர்கள் காத்தாடி என்று சொல்லும் அந்தக் காற்றாலைகளின் ஒற்றை இறக்கை, ஒரு தெருவைப் படுக்கவைத்ததுபோல நீளம். அதை ஏற்றி வரும் லாரி வளைவில் திரும்பும்போது முன்பக்கம் ஒரு திசையில் போகும், வால் வேறொரு திசையில் வீட்டுச் சுவர்களைத் தேடிப் போகும். லாரியில் கேமராக்கள் வைத்தோம். படம் டவருக்கு வரும். வால் எங்கே வீசும் என்று எட்ஜ் பெட்டி கணக்கிடும். அந்த இடத்தில் மனிதர் யாராவது நின்றால் லாரியை உடனே நிறுத்தும். சென்னையைக் கேட்டு முடிவெடுப்பதற்குள் வால் யாருடைய தலையையாவது தொட்டிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. டவரிலிருந்து வெளியுலகத்துக்குப் போக ஒரு வழி உண்டு. அப்போது அந்த டவருக்குக் கண்ணாடி இழைக் கேபிள் வந்து சேரவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த டவரோடு ரேடியோ இணைப்புதான். ஒல்லியான வழி. ஊரார் வெளிநாட்டோடு பேசும் வீடியோ கால் எல்லாம் அதன் வழியாகத்தான் போய்வர வேண்டும். எட்ஜ் பெட்டிக்கு அந்த வழி தேவையில்லை. அதுதான் எட்ஜின் பெருமையே.

டவர் நின்ற நிலம் ஆறுமுகப்பெருமாள் அண்ணாச்சியுடையது. நெல் விவசாயம் செய்பவர். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். ஒரு நாள் வெற்றிலை பாக்கு வைத்த தட்டோடு பெட்டி அறைக்கே வந்துவிட்டார். எனக்கு ஒரு பத்திரிகை கொடுத்தார், என்னோடு வேலை பார்த்த மார்த்தாண்டத்துக்காரி ஷீலாவுக்கு ஒன்று கொடுத்தார். மூன்றாவது ஒன்றை எடுத்து எட்ஜ் பெட்டியின் தலைமேல் வைத்தார்.

"இதுக்கும் ஒண்ணு வைக்கணும்லா சார். இதுக்க தயவு எனக்கு வேணும்," என்றார்.

"பெட்டிக்கு எதுக்கு அண்ணாச்சி பத்திரிகை?" என்றாள் ஷீலா.

"மூத்தவன் மகேஷுக்கு லீவு கெடைக்கல பாத்துக்கிடுங்க. குவைத்துல இருந்து போன்லதான் தாலி கெட்டுகத பாக்கணும். காலம்பற கம்பெனி பஸ் எடுக்கதுக்கு முன்னால கொஞ்சம் நேரம் உண்டு அவனுக்கு. உமாவ இடுப்புல தூக்கி வச்சு வளத்தவன். அந்த ஒரு காரியம் மட்டும் கொழப்பமில்லாம நடக்கணும் சார்."

பெட்டிக்கும் அவர் மகனின் போனுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை. தட்டோடு ஒருவர் வந்து கேட்கும்போது நாம் பெரிய மனிதராகிவிடுகிறோம்.

"நான் இருக்கேன்லா அண்ணாச்சி. மண்டபத்துக்குள்ள நிக்கது மாதிரியே இருக்கும் அவனுக்கு," என்றேன்.

அடுத்த வாரம் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். லாரிச் சோதனையைப் பார்க்க முக்கிய விருந்தினர்கள் வருகிறார்கள், அவர்களுக்குத் தோதான நாள் இது என்று ஒரு தேதி சொன்னார்கள். கல்யாணத் தேதி. அந்த நாள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஓய்வு பெறும் வருஷம் அது. அத்தனை வருஷத்தில் மேலிடம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. சரி என்று சொல்லி முடித்த பிறகுதான் தேதி மண்டையில் ஏறியது என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் கேட்கும்போதே ஏறிவிட்டது.

விருந்தினர்கள் ஒரு பெரிய திரையின் முன் உட்கார்ந்து எல்லாக் கேமராவையும் ஒரே நேரத்தில், துல்லியமாக, நேரலையாகப் பார்க்க வேண்டுமாம். அதற்காக அந்த ஒல்லியான வழியில் பெரும்பங்கை லாரிப் படங்களுக்கு ஒதுக்கினேன். ஊருக்கு மிச்சம் இருந்தது சாதாரணப் பேச்சுக்கு மட்டும் போதும்.

ஷீலா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "சாரே, லாரி ஓட இது வேண்டாமே. பெட்டி அதுபாட்டுக்குக் கணக்குப் போட்டு ஓட்டும். சென்னையில படம் காட்டதுக்கு மட்டும் ஊருக்க வாயப் பொத்தணுமா?"

"முகூர்த்தத்துக்கு முன்னாடி லாரி தாண்டிரும் ஷீலா. அப்புறம் தொறந்து விட்டுருவோம்."

"லாரிக்கு முகூர்த்தம் சொல்லியாச்சா?"

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அந்த ஒதுக்கீட்டை ஒரே தட்டில் நீக்கும் கட்டளையைத் தன் மடிக்கணினியில் எழுதித் தயாராக வைத்துக்கொண்டாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கல்யாண நாள் காலையில் நல்ல காற்று. லாரி நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, ஊருக்கு வெளியே உள்ள வளைவுவரை அழகாக வந்தது. வளைவைத் தாண்டினால் மண்டபம், அதற்கப்பால் காற்றாலைக் காடு. நானும் ஷீலாவும் வளைவிலேயே ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தோம். என் காதில் சென்னை பேசிக்கொண்டே இருந்தது. லாரி மூக்கைத் திருப்பியது. வால் அசைய ஆரம்பித்தது. சட்டென்று எல்லாம் நின்றுவிட்டது.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"பெட்டி நிறுத்திட்டு சாரே. வால் வீசுக எடத்துல ஆளு நிக்காம்."

நான் எழுந்து பார்த்தேன். சாலை வெறுமையாக இருந்தது. "ஒருத்தரும் இல்லையே."

"உண்டு. கும்பிட்டுக்கிட்டு நிக்காங்க," என்று திரையைக் காட்டினாள்.

சாலையோரம் கல்யாண வீட்டார் வைத்த ஃப்ளெக்ஸ். பெண், மாப்பிள்ளை, இரண்டு பக்கமும் உறவினர்கள், எல்லோரும் ஆளுயரத்துக்குக் கைகூப்பி வரவேற்றபடி. நடுநாயகமாக, மற்றவர்களைவிட ஒரு தலை பெரிதாக, தாய்மாமன் தாணு. ஆரல்வாய்மொழிக் காற்று ஃப்ளெக்ஸை உப்பவைத்து உள்ளே இழுத்ததில் அத்தனை பேரும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டி ஒவ்வொருவரையும் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டு, மனிதர், மனிதர், மனிதர் என்று எழுதியிருந்தது. தமிழ்நாட்டுச் சாலைக்கு ஆளை அடையாளம் காணும் கருவியைச் செய்தவர்கள் நாங்கள். குழந்தையைக் காட்டிப் பழக்கினோம், குனிந்தவரைக் காட்டிப் பழக்கினோம், குடை பிடித்தவரையும் காட்டினோம். ஃப்ளெக்ஸ் ஒருவர் மனசிலும் வரவில்லை.

சென்னையிலிருந்து குரல் வந்தது. "ஏன் நின்றுவிட்டது?"

"குறுக்கே ஆட்கள் நிற்கிறார்கள் சார். பாதுகாப்புக்காக நின்றிருக்கிறது."

அங்கே கைதட்டல் கேட்டது. ஃப்ளெக்ஸின் விளிம்பு கேமராவில் விழவில்லை போலிருக்கிறது. ஒரு விருந்தினர் கேட்கச் சொன்னாராம், அவர்கள் ஏன் எல்லோரும் கும்பிடுகிறார்கள் என்று.

"எங்கள் ஊர் மரியாதை சார்," என்றேன்.

மறுபடி கைதட்டல். ஷீலா வாயைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே குனிந்துவிட்டாள். எனக்கும் தலைகால் புரியாத உற்சாகம். அன்றைய முதல் பொய் அதுதான். அது அவ்வளவு வேடிக்கையாக இருந்ததால்தான் அடுத்தது நாக்கில் தயாராக நின்றது என்று நினைக்கிறேன்.

ஃப்ளெக்ஸைத் திருப்பி வைத்தால் லாரி போய்விடும். ஆனால் கல்யாண வீட்டு ஃப்ளெக்ஸில் கேட்காமல் கை வைக்க முடியாது. யாரையாவது அனுப்பலாமா என்று யோசிக்கும்போதே மண்டபத்துப் பக்கமிருந்து ஒரு பைக் வந்தது. பட்டு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தாணு மாமா. ஃப்ளெக்ஸில் இருந்தவர் அதிலிருந்து இறங்கி வந்தது மாதிரி இருந்தது.

"என்ன சார், போன எடுக்க மாட்டேங்கிய?" என்று வண்டியை நிறுத்தினார். "மாப்பிள்ள மணையில இருந்தாச்சு. மகேஷுக்க படம் வரமாட்டேங்கு. சத்தம் மட்டும் ஒரு வாட்டி வந்து அறுந்துட்டு. அவன் வராம தாலி கெட்டப்பிடாதுன்னு அத்தான் பிடிச்சு வச்சிருக்காரு. ஐயரு மணியப் பாத்துக்கிட்டே இருக்காரு." அப்போதுதான் லாரியைப் பார்த்தார். "இது ஏன் இங்கன நிக்கி?"

"உங்களப் பாத்துதான் நிக்கி அண்ணாச்சி," என்று ஷீலா திரையைத் திருப்பினாள்.

தாணு மாமா சிவப்புக் கட்டத்துக்குள் இருந்த தன் முகத்தைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"எனக்க போட்டோவுக்கா?"

"நீங்க மாறுனாத்தான் அது நவரும்."

"எட்டு ஊருக்கு வழி விடாத வண்டி எனக்காக நிக்கா?" அவர் கேமராவுக்கு நேரே போய் நின்று மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார். என் காதில் சென்னை சிரித்தது. பிறகு அவருக்கு வந்த காரியம் ஞாபகம் வந்தது. முகம் மாறியது. என் பக்கத்தில் வந்து, "அது கெடக்கட்டும் சார். பிள்ளைக்க போன் ஏன் வரல? கோளாறு இங்கனயா, அங்கனயா? இங்கனன்னா சொல்லுங்க, அத்தான் இன்னும் கொஞ்சம் பிடிச்சு வைப்பாரு," என்றார்.

கேள்வி இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது. பதிலும் எனக்குத் தெரியும். வழியைத் திறந்துவிட்டால் சென்னையின் திரை இருண்டுவிடும், கைதட்டிக்கொண்டிருக்கும்போதே. போனைக் கையால் மூடிக்கொண்டு, சாதாரணமாக, ஒரு நிபுணரின் குரலில் சொன்னேன்.

"இங்க எல்லாம் சரியா இருக்கு. குவைத் பக்கம் கோளாறு."

அவர் அதைச் சந்தேகிக்கவே இல்லை. டவர்காரர் சொல்கிறார். "அப்பம் காத்திருந்து ஒரு பிரயோசனமும் இல்ல," என்று வண்டியை உதைத்தார். "பயலுக்குக் குடுத்து வைக்கல. போன் நல்லதா பாத்து வாங்குலேன்னு அப்பமே சொன்னேன், கேட்டாத்தானே. கெட்டச் சொல்லிருகேன் சார்."

பைக் திரும்பிப் போயிற்று.

நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பொய் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும் என்றுதான் நான் நினைத்தேன். லாரி தாண்டட்டும், வழியைத் திறந்துவிடுவோம், குவைத்தில் சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அவர்கள் காத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். காத்திருந்தவர்களின் காத்திருப்பைத்தான் அந்த ஒரு வாக்கியம் முடித்துவைத்தது. அதோடு பழியையும் தூக்கி, லீவு கிடைக்காமல் வெயிலில் நின்ற பையனின் தலையில் வைத்தது.

ஷீலா தாழ்ந்த குரலில் சொன்னாள். "சாரே, அவரு போய் கெட்டச் சொல்லப் போறாரு."

அவள் போனை வாங்கி ஆறுமுகப்பெருமாளுக்கு அடித்தேன். மேளச் சத்தத்தில் யாரும் எடுக்கவில்லை. காதில் சென்னை, அந்த மீசைக்காரர் மறுபடி வருவாரா என்று கேட்டது.

"அறுத்துரு," என்றேன்.

"எத?"

"சென்னைய."

அவள் விரல் ஏற்கெனவே அந்த விசைமேல்தான் இருந்தது. "தொறந்தாச்சு. ஓடுங்க சாரே," என்றாள்.

கல்லூரியை விட்டபின் நான் ஓடியதில்லை. தலையில் ஹெல்மெட், மார்பில் பளபளக்கும் ஆரஞ்சு மேல்சட்டை. லாரியின் நீண்ட இறக்கைக்கு அடியில் குனிந்து ஓடினேன். கணவாய்க் காற்று பின்னாலிருந்து தள்ளியதால் என் கால்கள் பாதி வேலைதான் செய்ய வேண்டியிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பாதி வழியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மேலிடத்தை அறுத்துவிட்டு ஓடுவது அவ்வளவு சுகமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நின்ற பெண்கள் என்னைக் கண்டு ஒதுங்கினார்கள். உள்ளே எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள், கையில் பூவும் அரிசியும். மாப்பிள்ளை இரண்டு கையாலும் தாலியைத் தூக்கிவிட்டார். மேளம் உச்சத்துக்குப் போய்விட்டது. எனக்கு மூச்சில் இரண்டு வார்த்தைக்குத்தான் இடம் இருந்தது. வேறு வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

"தாலி கெட்டாதீங்க."

மேளம் நின்றது. நாதஸ்வரம் ஒரு சுரத்தை அநாதையாக விட்டுவிட்டு நின்றது. மாப்பிள்ளையின் தாயார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. பிறகு ஒரே திருப்பாக மணப்பெண்ணைப் பார்த்தது.

முன்வரிசையில் ஒரு கிழவி கேட்டாள். "ஏட்டி உமா, ஆருட்டி இது?"

"எனக்குத் தெரியாது ஆச்சி," என்றாள் உமா. "மூஞ்சியக் காட்டச் சொல்லுங்க. பாத்தாத்தானே சொல்ல முடியும்."

"இந்த வயசுலயா?" என்றது மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு குரல். மாப்பிள்ளை தாலியை இறக்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல், "அங்கிள், கை வலிக்கு. என்னன்னு சொல்லிருங்க," என்றார்.

யாரோ என் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். "டவர்காரருல்லா," என்று யாரோ சொன்னார்கள். மாப்பிள்ளையின் தாயார் மூச்சை வெளியே விட்டார். அந்த அமைதியில்தான் அது கேட்டது. சட்டைப் பைகளிலும் கைப்பைகளிலும் ஒவ்வொன்றாகப் போன்கள் டிங் டிங் என்று ஒலிக்க ஆரம்பித்தன. காலையிலிருந்து வாசலில் நின்ற செய்தியெல்லாம் மொத்தமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. மண்டபமே கிலுகிலுத்தது.

ஆறுமுகப்பெருமாள் மணையிலிருந்து எழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குவைத்துல ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி," என்றேன். "சென்னைக்குப் படம் காட்டணும்னு நான்தான் வழிய அடைச்சு வச்சிருந்தேன். இப்பத் தொறந்தாச்சு. அவன் வந்துருவான். கொஞ்சம் பொறுங்க."

"அப்பம் எங்கிட்ட சொன்னது?" என்றார் தாணு மாமா.

"பொய்."

அவர் ஐயரைப் பார்த்தார். ஐயர் மணியைப் பார்த்தார். ஆறுமுகப்பெருமாளின் மடியில் செருகியிருந்த போன் அடித்தது. அவர் எடுத்தார். அது மகேஷின் எண் இல்லை. ஆனால் திரையில் மகேஷ்தான் இருந்தான்.

இதை நான் மறக்கவில்லை. பட்டுச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, கம்பெனி பஸ்ஸின் படிக்கட்டில் நின்றிருந்தான். கழுத்துவரை வியர்வை. பின்னால் ஜன்னல் ஜன்னலாக ஆட்கள்.

"அப்பா, மன்னிச்சிருங்கப்பா," என்றான். "எனக்க போன்லதான் கொழப்பம். இந்த பஸ்ல ஒவ்வொருத்தருக்க போனா வாங்கிப் பாத்தாச்சு, ஒண்ணுலயும் எடுக்கல. கடைசியில இந்த நேபாளி அண்ணனுக்க போன்லதான் வந்துச்சு. கெட்டியாச்சாப்பா? பரவால்லப்பா, கெட்டியிருந்தா போட்டோ அனுப்புங்க, போதும்."

அவன் மன்னிப்புக் கேட்டது என்னுடைய குற்றத்துக்கு. நான் அவனுக்கு எதிரே ஆரஞ்சுச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன்.

தாணு மாமா போனை வாங்கி, தன் தலைக்கு மேலே உயர்த்தி, மணமேடைக்கு நேரே பிடித்தார். "கெட்டுலே மக்கா," என்றார் மாப்பிள்ளையிடம். மேளம் விட்ட இடத்திலிருந்து எழுந்தது. தாலி ஏறியபோது குவைத்தில் ஒரு பஸ் முழுக்கக் கூச்சல். பல பாஷையில் விசில். டிரைவர் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை. உமா அழ வேண்டிய நேரத்தில் அந்த ஹாரனைக் கேட்டுச் சிரித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

அட்சதை தூவி முடித்ததும் ஆறுமுகப்பெருமாள் போனை என்னிடம் நீட்டினார். "எங்கிட்ட சொன்னத அவங்கிட்டயும் சொல்லுங்க சார்." குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சொன்னேன். தேதி தெரிந்தே ஒத்துக்கொண்டது, வழியை அடைத்தது, தாணு மாமாவிடம் சொன்ன பொய், எல்லாம். பஸ் ஓடிக்கொண்டிருந்தது. மகேஷ் கம்பியைப் பிடித்தபடி கேட்டான்.

"அப்பம் எனக்க போன் நல்லாத்தான் இருந்துச்சா?"

"ஒரு குறையும் இல்ல."

"கொஞ்சம் முன்னால சொல்லியிருக்கப்பிடாதா சார்? வந்த கோவத்துல அத பஸ் படியில ஓங்கி ஒண்ணு அடிச்சுட்டேன். ரெண்டா கெடக்கு."

பஸ்ஸில் யாரோ அதை மற்றவர்களுக்கு இந்தியில் சொன்னார்கள். பஸ் சிரித்தது. மகேஷும் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

"பந்தியில இருந்தாச்சா சார்?" என்றான்.

"எனக்கு அதுக்கு யோக்கியதை இல்ல மகேஷ். லாரி வேற நிக்குது."

லாரி நிற்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தாணு மாமா பின்கட்டு வழியாகப் போய், தன் கையாலேயே ஃப்ளெக்ஸைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்திருக்கிறார். அதற்கு முன் லாரியோடு தன்னை நிற்கவைத்துப் போட்டோ எடுக்கச் சொல்லியிருக்கிறார் ஷீலாவிடம். பெட்டி வேறு எவரையும் கேட்காமல் கணக்குப் போட்டு, வாலை ஒரு வாழைக்கன்றில்கூட உரசாமல் வளைவில் திருப்பிக் கொண்டுபோய்விட்டது. சென்னையில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நான் சேர்த்து வைத்த மரியாதையெல்லாம் அன்றே போய்விட்டது, மேலிடம் பிறகு என் பெயரைச் சொல்லவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு.

வழியில் யாருக்கு எவ்வளவு என்று பங்கு வைக்கும் வேலை உங்கள் கைக்கும் வரும். திரையில் அவர்கள் எண்களாகத்தான் தெரிவார்கள். உங்களிடம் ஒருவர் கோளாறு எங்கே என்று கேட்கும்போது, அவர் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு உடனே ஒன்றைச் செய்யப்போகிறார். அதை மட்டும் நினைத்துக்கொண்டு வாயைத் திறங்கள். எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

மகேஷ் விடவில்லை. "லாரி போனா போட்டும். நான் வர முடியாத கல்யாணம் சார். எனக்க எடத்துல நீங்க இருந்து சாப்பிடுங்க. நான் பாக்கணும்," என்றான்.

முதல் பந்தியிலேயே என்னை உட்காரவைத்தார்கள். பக்கத்து இலைக்கு முன்னால் ஒரு தண்ணீர்த் தம்ளரில் போனைச் சாய்த்து வைத்தார் ஆறுமுகப்பெருமாள். அந்த இலைக்கும் வரிசையாகப் பரிமாறச் சொன்னார். உப்பு, இஞ்சிக்கறி, அவியல், எரிசேரி. மகேஷ் பஸ்ஸிலிருந்து மேற்பார்வை பார்த்தான்.

"பப்படத்த முழுசா வைக்காதீங்க சார், பொடிச்சு பருப்புல போடணும். ஆங். நெய்ய இன்னும் கொஞ்சம் விடச் சொல்லுங்க, அது ஆருக்க கல்யாணம்னு நெனச்சானுவ?"

அவன் சொன்னபடியெல்லாம் செய்தேன். எதிர்வரிசையில் சாப்பிட்டவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நேபாளி அண்ணன் இடையில் முகத்தை நீட்டி, அது என்ன, இது என்ன என்று கேட்டார். என் போன் பைக்குள் சென்னை சென்னை என்று அதிர்ந்துகொண்டிருந்தது. எரிசேரி மிக நன்றாக இருந்தது.

சாம்பார் முடிந்த சமயம் பஸ் வேகம் குறைந்தது. ஒரு பெரிய கேட் தெரிந்தது.

"சைட்டு வந்துட்டு சார். உள்ள போன் எடுக்க விடமாட்டான்," என்றான். "பிரதமன் வந்தா எனக்க எலையிலயும் விடச் சொல்லுங்க, என்னா?"

திரை இருண்டது. ஆறுமுகப்பெருமாள் வந்து போனை எடுத்து வேட்டியில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

பிரதமன் பாயச வாளியோடு வந்த பரிமாறுகிறவர் எனக்கு ஊற்றினார். பக்கத்து இலையைப் பார்த்தார், அதில் வைத்ததெல்லாம் வைத்தபடி இருந்தது, முன்னால் ஒருவரும் இல்லை. கரண்டியைத் தூக்கிக்கொண்டே நின்றார்.

"இந்த எலைக்கு ஆளு உண்டா சார்?"

"உண்டு," என்றேன். "நெறையா ஊத்துங்க."